அவள் உட்கார்ந்தால் நான் நின்றுவிடுவேன்

(வாசகர் கேள்வி – பதில்)

சென்ற இதழில் ராணுவ நாய்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு பை நிறைய. எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பதில் போட என்னால் ஆகாது. அதனால் சிலவற்றை எடுத்து இங்கே பதில் சொல்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி. 17 வருடம் ராணுவத்தில் நாய் ஹேண்ட்லராக, அதாவது நாயைப் பராமரித்துப் பழக்கி வேலை வாங்குபவனாக இருந்தேன். என் கைக்கு வந்தவை 3 நாய்கள். முதலில் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு, அடுத்து டீனா என்கிற லாப்ரடார், கடைசியாக ஒரு மாலினுவா. இந்தப் பக்கத்தில் டீனாதான் அதிகம் வருவாள். மற்ற இரண்டும் கோபித்துக்கொள்ளாது.

கே: நாட்டுக்காக உயிரைக் கொடுக்கிறோம் என்பது அந்த நாய்களுக்குத் தெரியுமா ஐயா?

தெரியாது. கடிதம் எழுதியவர்களில் பாதிப் பேர் 'தியாகம்', 'தேசப்பற்று' என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அந்த வார்த்தைகள் மேல் மரியாதை உண்டு. ஆனால் நாய்க்கு நாடு கிடையாது, கொடி கிடையாது. டீனாவுக்கு இருந்தது ஒரு ரப்பர் பந்து. வெடிமருந்து வாசனை எங்கே இருக்கிறது என்று காட்டினால் பந்து கிடைக்கும். அவளுக்குத் தெரிந்த போர் அவ்வளவுதான். பந்தைத் தேடித்தான் இத்தனை பேர் துப்பாக்கியோடு மலையேறி வந்திருக்கிறோம் என்றுகூட அவள் நினைத்திருக்கலாம்.

லண்டனில் ஹைட் பார்க் ஓரமாக ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. போர்களில் மாண்ட விலங்குகளுக்காக 2004-ல் திறந்தார்கள். கழுதை, குதிரை, நாய் எல்லாம் அதில் உண்டு. கல்லில் கடைசியாக ஒரு சின்ன வரி: 'அவற்றுக்கு வேறு வழி இருக்கவில்லை.' இந்த விஷயத்தைப் பற்றி நான் படித்ததில் பொய் கலக்காத வரி அதுதான். என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பவன் சிப்பாய். நாய் தெரியாமல் கொடுக்கிறது. அதனால் அதற்கு நாம் படும் கடன் குறைந்துவிடாது, கூடத்தான் செய்யும்.

கே: ஒரு நாய்க்கும் வீரருக்கும் இடையே அந்தப் பிணைப்பு எப்படி வருகிறது? பயிற்சியிலா, பழக்கத்திலா?

பராமரிப்பில் வருகிறது. பார்ப்பவர்களுக்குத் தெரிவது தாவுவதும் ஓடுவதும் மட்டும். ஒரு நாளில் முக்கால்வாசி நேரம் கூட்டுவது, கழுவுவது, சீவிவிடுவது என்றே போய்விடும்.

என் முதல் நாய், அந்த ஜெர்மன் ஷெப்பர்டு, ஏற்கெனவே ஒருவரிடம் 3 வருடம் இருந்தது. அவர் மாற்றலாகிப் போனபின் என்னிடம் கொடுத்தார்கள். கென்னல் என்கிற நாய்க்கூட்டின் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்த பார்வையில் 'நீ யாரு?' என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை. எங்கள் சீனியர் என்னிடம் சொன்னது: ஒரு வாரத்துக்கு எந்தக் கமாண்டும் கொடுக்காதே, உன் கையால் மட்டும் சாப்பாடு போடு, அப்புறம் சும்மா உட்காரு. நான் கென்னலுக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பழைய பேப்பரைச் சத்தமாகப் படிப்பேன். முதுகைக் காட்டுவது எதற்கென்றால், முகத்துக்கு நேராக வெறித்துப் பார்ப்பது நாய்க்கு மிரட்டல். முதுகைக் காட்டினால் 'உன்னை நம்புகிறேன்' என்று அர்த்தம். உள்ளுக்குள் எனக்கு உதறல்தான், அது வேறு விஷயம்.

அப்புறம் தினசரி வேலை. காதுக்குள் பார்ப்பது, ஈறு நிறம் பார்ப்பது, விரலிடுக்கில் முள் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது. நாயின் மலத்தைப் பார்த்து அதன் உடல்நிலையைச் சொல்லத் தெரியாதவன் ஹேண்ட்லர் இல்லை என்பார் சீனியர். சிரிக்காதீர்கள். 17 வருடம் காலையில் நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

மூன்றாவது வாரம் ஒருநாள், பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது முதுகில் ஒரு கனம் சாய்ந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு அந்தப் பேப்பரில் இருந்த விளம்பரங்களைக்கூட விடாமல் படித்து முடித்தேன்.

நாயும் அதன் மனிதரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இரண்டு பேர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் என்கிற ஹார்மோன் கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-ல் கண்டறிந்தார்கள். தாய்க்கும் குழந்தைக்கும் நடுவே சுரப்பதும் அதேதான். எங்கள் சீனியருக்கு ஹார்மோன் பெயர் தெரியாது, வேலை தெரியும்.

கே: கருவிகள் எவ்வளவோ வந்துவிட்ட காலத்திலும் நாய் மூக்குக்கு ஏன் மவுசு குறையவில்லை?

நம் மூக்கில் வாசனையை உணரும் செல்கள் ஏறக்குறைய 50, 60 லட்சம். நாய்க்கு 20 கோடிக்கு மேல். ஆனால் எண்ணிக்கை மட்டும் காரணமில்லை. நாய் மூச்சை வெளியே விடும்போது காற்று மூக்கின் பக்கவாட்டுப் பிளவு வழியாகப் போய்விடும். முன்னால் இருக்கும் வாசனை கலையாது. மோப்பம் பிடிக்கும்போது ஒரு நொடிக்கு ஐந்தாறு முறை இழுக்கும். நாம் ஓர் அறைக்குள் நுழைந்து 'ஏதோ வாசனை வருதே' என்று நிறுத்திக்கொள்வோம். நாய்க்கு அந்த 'ஏதோ'வில் இருக்கிற ஒவ்வொன்றும் தனித்தனி.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதத்தில்தான். உடம்புச் சூட்டைத் தணிக்க நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்க வேண்டும். இரைத்துக்கொண்டே மோப்பம் பிடிக்க முடியாது. அதனால் வெயில் ஏறினால் மூக்கு மங்கும். எப்போது நிறுத்தித் தண்ணீர் காட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்வதுதான் கயிற்றின் இந்த முனையில் இருப்பவனுடைய வேலை. நாய் தானாக நிறுத்தாது. பந்து ஆசையில் மயங்கி விழும்வரை தேடும்.

கே: 'நாயை நம்பு' என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் எப்போது நம்ப ஆரம்பித்தீர்கள்?

நேர்மையாகச் சொன்னால், கொஞ்சம் தாமதமாகத்தான்.

டீனா என்னிடம் வந்து ஒன்றரை வருடம் இருக்கும். விடியற்காலை, ஒரு மண்சாலை. பின்னால் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. நாங்கள் முன்னால் நடந்து 'சுத்தம்' என்று சொன்னால்தான் அவை நகரும். முந்தின நாள் சாயங்காலம்தான் அதே சாலையில் போய் வந்திருந்தோம். வயர்லெஸ்ஸில் 'இன்னும் எவ்வளவு நேரம்?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு வளைவு தாண்டி, வண்டித்தடத்துக்கு இடப்பக்கம், டீனா உட்கார்ந்தாள்.

இதை விளக்க வேண்டும். வெடிமருந்து தேடும் நாய் கண்டுபிடித்ததும் குரைக்கவோ பிறாண்டவோ கூடாது. பிறாண்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். வாசனை வரும் இடத்தில் சத்தமில்லாமல் உட்கார வேண்டும், அல்லது படுக்க வேண்டும். டீனாவின் பாஷை உட்காருவது.

நான் பார்த்தேன். மண் கிளறிய அடையாளமே இல்லை. புல்கூட அப்படியே இருந்தது. கயிற்றை லேசாக இழுத்தேன். எழுந்தாள், இரண்டடி வந்தாள், திரும்பிப் போய் அதே இடத்தில் உட்கார்ந்தாள். பந்துக்காக நடிக்கிறாள் என்று நினைத்தேன். அப்படி நடிக்கிற நாய்களும் உண்டு. குரலைக் கடுமையாக்கி 'போ' என்றேன். அதுவரை என் குரலை ஒருமுறைகூட மீறாதவள் அன்றைக்கு அசையவில்லை. தரையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள்.

வெடிகுண்டு செயலிழப்புக் குழு வந்து ஒன்றரை மணி நேரம் வேலை செய்தது. ஒரு முழ ஆழத்தில் தகர டப்பா இருந்தது. அதிலிருந்து கம்பி பக்கத்துப் புதர்வரை போயிருந்தது. நான் அந்தக் கயிற்றைக் கொஞ்சம் பலமாக இழுத்திருந்தால், இந்தப் பக்கத்துக்கு வேறு யாராவதுதான் பதில் எழுத வேண்டியிருந்திருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. களத்தில் நாய் உட்கார்ந்ததும் நாங்கள் பந்து கொடுப்பதில்லை. அது நிஜமா பொய்யா என்று அந்த நேரத்தில் நமக்கே தெரியாதே. பொய்க்குப் பரிசு கொடுத்துவிட்டால் நாய் கெட்டுப்போகும். அதனால் திரும்பி வந்தபின் பயிற்சி மாதிரி ஒன்றை எங்காவது ஒளித்துவைத்து, தேடவிட்டு, அதற்குப் பந்து கொடுப்போம். ஆக, டீனாவின் கணக்கில் அந்தக் காலை வீண். மதியம் முகாமில் ஒரு பழைய டயருக்குள் கண்டுபிடித்தாளே, அதுதான் அவளுடைய வெற்றி. வாலை ஆட்டிக்கொண்டு பந்தோடு என்னிடம் ஓடிவந்தாள். எனக்கு அதை வாங்கி எறிய அன்று கையில் பலமில்லை.

கே: அப்படியானால் நாய் தவறே செய்யாதா?

செய்யும். பெரும்பாலும் நம்மால்தான் செய்யும். அமெரிக்காவில் 2011-ல் ஓர் ஆய்வு வெளியானது. போலீஸ் வகையறா மோப்ப நாய்களும் ஹேண்ட்லர்களுமாக 18 ஜோடிகள். 'இந்த அறைகளில் போதைமருந்தோ வெடிமருந்தோ இருக்கலாம், சில இடங்களில் காகிதத்தால் அடையாளம் வைத்திருக்கிறோம்' என்று ஹேண்ட்லர்களிடம் சொல்லி அனுப்பினார்கள். உண்மையில் ஓர் அறையிலும் ஒன்றும் இல்லை. ஆனாலும் 'நாய் கண்டுபிடித்துவிட்டது' என்ற அறிவிப்புகள் குவிந்தன, அதுவும் காகிதம் ஒட்டிய இடங்களில். மனிதன் எதிர்பார்த்தான், நாய் அதைப் படித்துவிட்டது. அல்லது மனிதனே நாய் காட்டியதாக நினைத்துக்கொண்டான்.

பிணைப்பு பிணைப்பு என்று கொண்டாடுகிறோமே, அதன் மறுபக்கம் இது. நாய் நம்மை அவ்வளவு நுணுக்கமாகக் கவனிக்கிறது. என் மனசில் இருப்பது கயிறு வழியாக டீனாவுக்குப் போய்விடும். வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்த ஒருநாள் அவள் மோப்பமே சரியில்லை, பத்தடிக்கு ஒருமுறை திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தாள். அன்று என்னை வேலையிலிருந்து இறக்கினார்கள். நாயை அல்ல.

பழைய கதை ஒன்று இதைவிடக் கொடுமை. இரண்டாம் உலகப் போரில் சோவியத் ராணுவம் நாய்களின் முதுகில் வெடிமருந்து கட்டி, எதிரி டாங்கிகளுக்கு அடியில் ஓடப் பழக்கியது. பழக்கியது சொந்த டாங்கிகளை வைத்து. களத்தில் சில நாய்கள் தங்களுக்குத் தெரிந்த டாங்கிகளையும் தெரிந்த மனிதர்களையும் தேடித் திரும்பி ஓடிவந்தன. சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தன. நாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கே: ராணுவ நாய்களுக்கு டைட்டானியம் பல் பொருத்துகிறார்களாமே, கடி பலமாக விழ?

பல் உடைந்தால் உறை போடுவார்கள், நமக்குப் போடுவதுபோல. நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டு உலோகம் வைப்பதெல்லாம் கட்டுக்கதை. நாயின் சொந்தப் பல்லே போதும். என் இடது முழங்கையில் சாட்சி இருக்கிறது. மாலினுவா, பயிற்சி நேரம், தப்பு என்னுடையது.

கே: கமாண்டுகளை ஏன் வெளிநாட்டு மொழியில் கொடுக்கிறார்கள்? எதிரிக்குப் புரியக்கூடாது என்பதற்காகவா?

இல்லை. பல ராணுவங்கள் ஐரோப்பாவில் வளர்த்துப் பழக்கிய நாய்களை வாங்குகின்றன. அவை டச்சு, ஜெர்மன், செக் மொழிக் கமாண்டுகளோடு வருகின்றன. நாய்க்குப் புது மொழி கற்றுக்கொடுப்பதைவிட ஆளுக்குப் பத்து வார்த்தை கற்றுக்கொடுப்பது சுலபம். நாய் பெயர்களிலும் ஒரு சுவையான சங்கதி. அமெரிக்காவின் டெக்சாஸில் லாக்லாண்ட் விமானப்படைத் தளத்தில் அவர்களே வளர்க்கும் குட்டிகளுக்குப் பெயரின் முதல் எழுத்தை இரட்டையாக எழுதுவார்கள். பெயரைப் படித்தவுடன் இது நம் வீட்டுக் குட்டி, விலைக்கு வாங்கியதில்லை என்று தெரிந்துவிடும். அந்நாட்டு வழக்கத்தில் இன்னொன்று: நாய்க்கு அதன் ஹேண்ட்லரைவிட ஒரு ரேங்க் கூட என்பார்கள். சட்டமில்லை, சும்மா ஒரு சம்பிரதாயம். நாயை அதட்டினால் மேலதிகாரியை அதட்டியதாக ஆகிவிடுமல்லவா!

கே: என் கணவரும் உங்களைப்போல ஹேண்ட்லர். விடுமுறையில் வந்தாலும் நாய்ப் பேச்சுதான். தூக்கத்தில்கூட அதன் பெயரைத்தான் சொல்கிறார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அம்மா, இந்தக் கடிதத்தை என் மனைவியிடம் காட்டினேன். 'பெயரைத்தானே சொல்கிறார், நீங்கள் தூக்கத்தில் உட்கார் உட்கார் என்று கத்துவீர்கள்' என்றாள். அவளுடைய யோசனை இது: அவர் பேசும்போது நடுவில் நிறுத்தாதீர்கள். சொல்ல முடியாத விஷயங்களை அவர்கள் நாயின் பெயரில் சொல்வார்கள். 'இன்றைக்கு அது சாப்பிடவில்லை' என்றால், சாப்பிடாதது யாரென்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

இதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை.

கே: ஹேண்ட்லருக்கு அடிபட்டால் நாய் என்ன செய்யும்?

பெரும்பாலும் விலகாது. அதுவே சிக்கலாகவும் ஆகும். 1966 டிசம்பரில் வியட்நாமில் 'டான் சோன் நுட்' என்ற விமானத் தளத்தின் மேல் தாக்குதல் நடந்தபோது நீமோ என்ற ஜெர்மன் ஷெப்பர்டு முகத்தில் சுடப்பட்டது. ஒரு கண் போனது. அந்த நிலையில் தவழ்ந்து வந்து, விழுந்து கிடந்த தன் ஹேண்ட்லர் ராபர்ட் த்ரோன்பர்க் மேல் படுத்துக்கொண்டது. உதவிக்கு வந்தவர்களையும் கிட்டே விடவில்லை. கால்நடை மருத்துவர் வந்துதான் அதை நகர்த்த முடிந்தது. இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

அதனால்தான் ஒவ்வொரு நாய்க்கும் அணியில் இன்னொரு ஆளைப் பழக்கி வைப்போம். 'எனக்கு ஏதாவது ஆனால் இவன் சொன்னால் விலகு' என்று சொல்லிக்கொடுப்பதுபோல. டீனாவுக்கு அந்த ஆளைப் பழக்கிய நாட்களில் எனக்குக் கொஞ்சம் பொறாமை. அவன் கையால் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்து வாலாட்டுவாள். நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

சமீப வருடங்களில் காஷ்மீரில் நடந்தவை உங்களுக்கு நினைவிருக்கலாம். 2022 அக்டோபரில் அனந்தநாக் பக்கம் தீவிரவாதிகள் இருந்த வீட்டுக்குள் ஜூம் என்ற நாயை முதலில் அனுப்பினார்கள். இரண்டு குண்டுகள் பட்டும் பின்வாங்கவில்லை. ஸ்ரீநகரில் ராணுவக் கால்நடை மருத்துவமனையில் அக்டோபர் 13-ம் தேதி இறந்தது. அடுத்த வருடம் செப்டம்பரில் ரஜௌரியில் கென்ட் என்ற பெண் லாப்ரடார். தேடுதலில் முன்னால் போனபோது துப்பாக்கிச் சூட்டில் மாண்டது, ஹேண்ட்லர் பிழைத்தார். 2015 ஆகஸ்டில் தங்தாரில் மான்சி என்ற நாயும் அதன் ஹேண்ட்லர் பஷீர் அகமது வாரும் இரண்டு பேருமே திரும்பவில்லை.

இவற்றைப் படிக்கும்போது 'பின்வாங்கவில்லை', 'முன்னால் போனது' என்ற சொற்களில் என் கண் நின்றுவிடும். முதல் ஆளாக உள்ளே போகச் சொன்னது ஒரு மனிதக் குரல். அந்தக் குரலுக்கு உரியவன் அன்று ராத்திரி எப்படித் தூங்கியிருப்பான் என்பதைத்தான் யோசிப்பேன். வேறு வழியில்லை என்பதும் எனக்குத் தெரியும். நாய் போகாவிட்டால் ஒரு பையன் போயிருப்பான்.

கே: எஜமானர் இறந்த துக்கத்தில் நாயும் இறந்துவிட்டது என்று படித்திருக்கிறேன். சாத்தியமா?

நீங்கள் படித்தது தியோவைப் பற்றியாக இருக்கும். பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்பேனியல் கலப்பு. 2011 மார்ச் 1-ம் தேதி ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில் அதன் ஹேண்ட்லர் லியம் டாஸ்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். முகாமுக்குக் கொண்டுவந்த சில மணி நேரத்தில் தியோவுக்கு வலிப்பு வந்து உயிர் போனது. வயது இரண்டுகூட நிரம்பவில்லை. 5 மாதத்தில் 14 முறை ஆயுதமோ வெடிகுண்டோ கண்டுபிடித்த ஜோடி அது. அடுத்த வருடம் தியோவுக்கு டிக்கின் பதக்கம் கொடுத்தார்கள். விலங்குகளுக்காக 1943-ல் ஏற்படுத்திய பிரிட்டிஷ் பதக்கம் அது. 'நாங்களும் சேவை செய்கிறோம்' என்று அதில் பொறித்திருக்கும்.

மனம் உடைந்து செத்ததா? மருத்துவர் எழுதியது வலிப்பு என்று. வெயில், அதிர்ச்சி, பதற்றம், பழக்கமில்லாத கைகள் எல்லாம் சேர்ந்து ஓர் உடம்பை என்ன செய்யும் என்று நான் பார்த்திருக்கிறேன். அதைச் 'சோகம்' என்று சொல்ல வேண்டுமா கூடாதா என்று எனக்கு வழக்காடத் தோன்றவில்லை. குடும்பத்துக்கு ஆளின் உடலும் நாயின் சாம்பலும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன.

கே: போரின் பாதிப்பு மனிதர்களுக்கு மனசில் தங்கிவிடுகிறது. நாய்களுக்கும் அப்படி உண்டா?

உண்டு. 2010-ஐ ஒட்டி அமெரிக்க ராணுவக் கால்நடை மருத்துவர்கள் அதற்கு நோய் என்றே பெயர் கொடுத்துச் சிகிச்சை தர ஆரம்பித்தார்கள். சில நாய்கள் வண்டிக்கு அடியில் ஒளியும், சில காரணமில்லாமல் சீறும், சில ஹேண்ட்லரைவிட்டு ஓரடி நகராது. வேலை செய்வதுபோலவே நடந்துகொண்டு, மூக்கை மட்டும் போடாமல் இருக்கிற நாயும் உண்டு. இருப்பதிலேயே அபாயமானது அந்தக் கடைசி வகைதான். 'சுத்தம்' என்று நம்பி அதன் பின்னால் எத்தனை பேர் நடப்பார்கள்!

என் ஜெர்மன் ஷெப்பர்டு ஒருநாள் வண்டியில் ஏற மறுத்தது. தூக்கி ஏற்றினேன். அன்று அதட்டியும் இருக்கிறேன். இப்போது தெரிவது அப்போது தெரிந்திருந்தால் ஏற்றியிருக்க மாட்டேன்.

கே: ஓய்வுபெற்ற பிறகு அவை எங்கே போகின்றன? உங்கள் டீனா எங்கே போனாள்?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது.

உலகம் முழுக்க இதில் பெருமைப்பட ஒன்றுமில்லாத காலம் ரொம்ப நாள் இருந்தது. வியட்நாமுக்கு அமெரிக்கா சுமார் 4,000 நாய்களைக் கொண்டுபோனது. திரும்பி வந்தவை 200 சொச்சம். மற்றவற்றில் சாகாமல் இருந்தவற்றைத் தளவாடக் கணக்கில் எழுதி அங்கேயே விட்டுவிட்டார்கள், அல்லது ஊசி போட்டுக் கொன்றார்கள். கூடாரமும் ஜீப்பும் எப்படியோ அப்படி. ஹேண்ட்லர்கள் பலர் கிழவர்களான பிறகும் அதைச் சொல்லி அழுதிருக்கிறார்கள். 2000-ல்தான் அமெரிக்காவில் ஓய்வுபெற்ற நாய்களைத் தத்துக் கொடுக்கச் சட்டம் வந்தது. ராபி என்ற நாயை அதன் ஹேண்ட்லர் கேட்டு, கொடுக்காமல் போன விவகாரத்தில் பிறந்த சட்டம், அதனால் 'ராபி சட்டம்' என்றே பெயர். ராபிக்கு அது உதவவில்லை. சட்டம் வந்து சில மாதத்தில் நோய் முற்றி, ஊசி போட்டுவிட்டார்கள். இந்தியாவிலும் வேலைக்கு ஆகாத நாய்களை அப்படி முடித்துவிடுவது வழக்கமாக இருந்தது என்பது 2015-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வெளியே வந்தது. அதன் பிறகு நிலைமை மாறி, இப்போது தத்துக் கொடுக்கிறார்கள்.

டீனா? 4 வருடத்துக்குப் பிறகு எனக்கு வேறு வேலை போட்டார்கள். அவளைப் புது ஆளிடம் ஒப்படைக்க வேண்டும். முறை என்னவென்றால், கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். அப்புறம் சில வாரம் அவள் கண்ணில் படக்கூடாது. பட்டால் புது ஆளிடம் ஒட்ட மாட்டாள். முதல் நாளில் ஒரு பையன் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதோ படித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

பத்தாம் நாள் மனசு கேட்கவில்லை. ஸ்டோர் ரூம் சுவருக்குப் பின்னால் நின்று, அவர்கள் பயிற்சி செய்வதைப் பார்த்தேன். நன்றாகத்தான் செய்தாள். திடீரென்று பாதியில் நின்று தலையைத் தூக்கினாள், என் பக்கமாக. காற்று எனக்குப் பின்னாலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. எங்கே போனாலும் முதலில் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கிறவன், அன்று பார்க்கவில்லை. பையன் கயிற்றை இழுத்தான். நான் குனிந்து, திருடனைப்போல அங்கிருந்து நழுவினேன்.

அவள் ஓய்வுபெற்றபோது, அவளைக் கேட்டு விண்ணப்பம் போட்டேன். கடைசியாக வைத்திருந்தவனுக்குத்தான் முன்னுரிமை என்றார்கள். அந்தப் பையன்தான் வாங்கிப்போனான். நியாயம்தான். சோபாவில் அவள் மல்லாந்து தூங்குகிற போட்டோ ஒன்று அனுப்பினான். பந்து வாய்க்குப் பக்கத்தில் கிடந்தது.

கே: எனக்கு 11 வயது. நான் பெரியவனானதும் நாய் ஹேண்ட்லர் ஆக வேண்டும். இப்போதே என்ன செய்யலாம் அங்கிள்?

தம்பி, ஏதாவது ஒரு நாயை, தெருநாயானாலும் சரி, தள்ளி உட்கார்ந்து அரை மணி நேரம் பார். தொடாதே, கூப்பிடாதே. அதன் காது எப்போது திரும்புகிறது, வால் எந்த உயரத்தில் இருக்கிறது, எழுந்திருக்குமுன் முதலில் எது அசைகிறது என்று நோட்டில் எழுது. ஒரு வாரம் அலுக்காமல் செய்தால் எனக்கு இன்னொரு கடிதம் போடு. அலுத்துவிட்டால் விமானி ஆகிவிடு, அதுவும் நல்ல வேலைதான்.

கே: இப்போது வீட்டில் நாய் இருக்கிறதா?

இருக்கிறது. எந்த ஜாதி என்று அதற்கே தெரியாது. இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். பந்தை எறிந்தால் என்னைத்தான் எடுத்துவரச் சொல்லும். ஒரு கமாண்டும் கற்றுக்கொடுக்கவில்லை. வீட்டில் எல்லோரும் கேலி செய்கிறார்கள்.

சாயங்காலம் நடக்கக் கூட்டிப்போவேன். சோம்பேறி, நடுவழியில் சட்டென்று உட்கார்ந்துவிடும். அதற்குக் கால் வலிக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் கால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். கீழே ஒருமுறை பார்ப்பேன், அப்புறம் சுற்றி நடப்பவர்களைப் பார்ப்பேன். பேரப்பிள்ளை கூட வந்தால் என் சட்டையைப் பிடித்து இழுப்பான்.

'தாத்தா, அது சும்மா உட்கார்ந்திருக்கு. வாங்க.'

சரி என்பேன். ஆனால் முதல் அடியை நான்தான் வைப்பேன், அவனை விடமாட்டேன்.